காரில் கோடு விழாமல் கழுவ என்னென்ன வாங்க வேண்டும்? கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

காரை நிழலில் நிறுத்தி, பானெட் மேல் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். வெளிச்சம் விழும் இடத்தைச் சுற்றி மெல்லிய கோடுகள் வட்டம் வட்டமாகத் தெரிகிறதா? அவை பெரும்பாலும் ரோட்டில் விழுந்த கோடுகள் இல்லை. கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுந்தவை. கறுப்பு, கருநீலம், அடர் சிவப்பு வண்டிகளில் பளிச்சென்று தெரியும். வெள்ளையில் கண்ணுக்குச் சட்டென்று படாது, அவ்வளவுதான்.

புதுச்சேரியிலும் கடலூரிலும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை கொஞ்சம் கூடுதல். ஈசிஆரில் போனால் உப்புக் காற்று, சில்வர் பீச்சில் நிறுத்தினால் கடல் மணல், ஆரோவில் பக்கமோ கேப்பர் மலைப் பக்கமோ போய்வந்தால் செம்மண். உப்பு தண்ணீரில் கரைந்துவிடும், மணல் கரையாது. கடல் மணலில் நிறைய இருக்கும் குவார்ட்ஸ், கண்ணாடியையே கீறக்கூடியது. காரின் நிறத்துக்கு மேலே பூசியிருக்கும் கிளியர் கோட் சுமார் 35 முதல் 50 மைக்ரான் கனம்தான். தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான் இருக்கும். பாலிஷ் போட்டால் கோடு போய்விடுமே என்பார்கள். போகும்தான். ஆனால் பாலிஷ் என்பது அந்தக் கிளியர் கோட்டையே கொஞ்சம் தேய்த்து எடுப்பது. எத்தனை முறை எடுக்க முடியும்?

அதனால் எந்தப் பொருளை வாங்கினாலும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: பெயின்ட் மேல் இருக்கும் மணல், இது பட்டதும் எங்கே போகும்? தண்ணீரோடு வழிந்து போனால் நல்லது, நூலுக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டாலும் சரி. பெயின்டுக்கும் துணிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் கோடு நிச்சயம். விலையும் பிராண்டும் அப்புறம்.

படி 1: வீட்டில் இருப்பதில் எதைத் தள்ளி வைப்பது

பழைய பனியன், கிழிந்த லுங்கி, மஞ்சள் துணி, பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சு, நீளக் கம்பு வைத்த பிளாஸ்டிக் பிரஷ், குஞ்சம் வைத்த டஸ்டர். இவை எதுவும் பெயின்ட் மேல் படக் கூடாது. பருத்தித் துணி தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும். ஆனால் நெசவு தட்டையாக இருப்பதால் மணல் உள்ளே போக இடமில்லை. பனியன் என்றால் தையல் வேறு. தூக்கிப் போட வேண்டாம், டயருக்கும் மட்கார்டு உள்பக்கத்துக்கும் ஆகும்.

டஸ்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காய்ந்த தூசியைத் தினமும் காலையில் தட்டித் துடைப்பதுதான் நம் ஊர் வண்டிகளை அதிகம் கெடுக்கிறது என்பது என் கருத்து. தண்ணீர் இல்லாமல் தேய்க்கும்போது மணலுக்கும் பெயின்டுக்கும் நடுவில் வழுக்க எதுவுமே இல்லை. அபார்ட்மென்ட்டில் மாதச் சம்பளத்துக்கு வண்டி துடைப்பவர் ஒரு வாளித் தண்ணீரில் ஒரே துணியை முக்கி வரிசையாக எல்லா வண்டியையும் துடைப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்குக் கொடுத்திருப்பது அவ்வளவுதான். நேராகப் பேசிவிடுங்கள்: “அண்ணா, நம்ம வண்டிக்கு தினமும் துணி போட வேணாம். கண்ணாடி மட்டும் துடைச்சா போதும். மத்ததை ஞாயித்துக்கிழமை நானே கழுவிக்கிறேன். காசு அதே காசுதான்.” “வண்டி தூசியா கிடந்தா நான் வரலைன்னு நினைப்பாங்களே சார்” என்று தயங்குவார். ஒரு வாரத்தில் பழகிவிடும். உங்கள் செலவில் அவருக்கு நல்ல மைக்ரோஃபைபர் துணியும் (மிக நுண்ணிய செயற்கை இழையில் செய்தது) தனி வாளியும் வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

படி 2: தண்ணீர் அடிக்க

துணி தொடுவதற்கு முன்பே எவ்வளவு மணல் போகிறதோ, அவ்வளவு கோடு மிச்சம். பிரஷர் வாஷர், அதாவது தண்ணீரை அழுத்தமாகப் பீய்ச்சும் மெஷின் வாங்குவதானால் நாசிலின், அதாவது பீய்ச்சும் முனையின் கோணத்தைப் பாருங்கள். பெரும்பாலான கம்பெனிகள் நிறத்தில் குறித்திருப்பார்கள்: சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40. காருக்கு வெள்ளை, அழுத்தம் போதவில்லை என்றால் பச்சை. சிவப்பையும் மஞ்சளையும் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். நாசில் முனை பாடியிலிருந்து ஒரு முழமாவது தள்ளி இருக்கட்டும். பெயின்ட் உரிந்த இடம், டச்சப் செய்த இடம் இருந்தால் அங்கே இன்னும் தள்ளி. வீட்டுக் காருக்கு 100 பார் (அழுத்தத்தின் அளவு) மெஷினே தாராளம், 150, 200 என்று தேடிப்போக வேண்டாம்.

மெஷின் இல்லாமலும் சமாளிக்கலாம். ஓஸ் பைப்பில் ஷவர் மாதிரி விரியும் முனையை மாட்டி மேலிருந்து கீழே பொறுமையாக அடித்தால் போதும். மாடி வீட்டில் குழாய் கீழே வராது என்பவர்கள் கையால் பம்ப் அடிக்கும் ஸ்பிரேயர் வாங்கலாம். கடலூர் பக்கம் வயல் வைத்திருப்பவர்கள் வீட்டில் முதுகில் மாட்டும் ஸ்பிரேயர் இருக்கும். பூச்சி மருந்து அடித்த ஸ்பிரேயரைக் கழுவிவிட்டு எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள், அது உங்கள் கைக்கும் மூச்சுக்கும் ஆகாது. காருக்குத் தனியாகப் புதிது வாங்குங்கள்.

படி 3: தேய்க்க

கடையில் எது கேட்டாலும் முதலில் எடுத்து நீட்டுவது மஞ்சள் ஸ்பாஞ்சு. அதன் முகம் தட்டை. ஒரு மணல் துகள் மாட்டினால் அடுத்து அலசும் வரை வண்டி முழுக்க அதுவும் கூடவே வரும். உங்களுக்கு வேண்டியது வாஷ் மிட், கையில் மாட்டிக்கொள்ளும் உறை. அதிலும் செனில் வகை, அதாவது மைக்ரோஃபைபர் நூல் விரல் விரலாகத் தொங்குவது. மணல் அந்த விரல்களுக்கு நடுவே இறங்கிவிடும், பெயின்டைத் தொடுவது நூலின் நுனி மட்டும்.

ஆட்டு ரோமத்தில் செய்த மிட்டும் உண்டு. பெயின்டுக்கு அதைவிட மென்மையானது கிடைப்பது கஷ்டம்தான். ஆனால் நம் கடற்கரை ஈரத்தில் அது லேசில் காயாது. ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் கொடியில் தொங்கினாலும் பிசுபிசுவென்று இருக்கும், நாற்றம் வந்துவிடும். ஆரம்பிப்பவர்கள் செனிலே வாங்குங்கள், பிழிந்து உதறினால் சீக்கிரம் காயும்.

கடையில் இப்படிப் பாருங்கள். மிட்டைத் தலைகீழாகப் பிடித்து, நூல்களை இரண்டு விரலால் விலக்குங்கள். அடித்துணி வெறுமையாகத் தெரிந்தால் நூல் நெருக்கம் போதாது, நாலைந்து முறை அலசியதும் இன்னும் மெலியும். அடுத்து ஓரத் தையலை உள்ளங்கையில் அழுத்தி இழுங்கள். முரட்டு நைலான் நூல் உறுத்தும், அதுவே பெயின்டையும் உறுத்தும். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு சோதனை இருக்கிறது. பழைய சிடி ஒன்றின் எழுத்தில்லாத பக்கத்தில் மிட்டையோ துணியையோ நன்றாக அழுத்திப் பத்து முறை தேய்த்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அந்த பிளாஸ்டிக் எளிதில் கீறும் ரகம். அதில் கோடு விழாத துணியை பெயின்ட் மேல் நம்பிப் போடலாம்.

மிட் இரண்டாக வாங்குங்கள். ஒன்று கூரை, கண்ணாடி, பானெட், கதவின் மேல்பாதிக்கு. இன்னொன்று பம்பருக்கும் கதவின் கீழ்ப்பகுதிக்கும். நிறம் வேறாக இருந்தால் மாறிப்போகாது.

படி 4: வாளி இரண்டு

ஒன்றில் ஷாம்பு தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். மிட்டை ஷாம்புவில் முக்கி ஒரு பாகத்தைக் கழுவியதும் வெறும் தண்ணீர் வாளியில் அலசிப் பிழிந்துவிட்டு, மறுபடி ஷாம்புவுக்குப் போக வேண்டும். ஒரே வாளி என்றால் எடுத்த மணலையே திரும்பப் பூசுகிறோம். பெயின்ட் கடைகளிலும் பெயின்டர்களிடமும் கிடைக்கும் 20 லிட்டர் காலி வாளி இதற்கு அருமையானது, ஆனால் உள்ளே காய்ந்த பெயின்ட் செதில் இருந்தால் தொடாதீர்கள்.

அலசும் வாளியின் அடியில் கிரிட் கார்டு என்ற சல்லடைத் தட்டைப் போடுவது நல்லது. மிட்டை அதன் மேல் தேய்த்தால் மணல் ஓட்டை வழியே கீழே போய்த் தங்கும், தண்ணீர் கலங்கினாலும் சுலபத்தில் மேலே வராது. கிடைக்கவில்லையென்றால், வாளிக்குள் அடங்கும் பிளாஸ்டிக் காய்கறிக் கூடையைக் கவிழ்த்துப் போடுங்கள். விளிம்பு கூராக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

படி 5: ஷாம்பு

கார் ஷாம்பு, அதுவும் பிஹெச் நியூட்ரல், அதாவது அமிலமாகவோ காரமாகவோ இல்லாதது என்று போட்டிருப்பது. பாத்திரம் தேய்க்கும் திரவமும் துணி சோப்புத் தூளும் அழுக்கோடு வேக்ஸையும், அதாவது பெயின்ட் மேல் பூசிய மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். கரையாத தூள் பெயின்ட் மேல் உரசவும் செய்யும். எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று பாட்டிலில் இருக்கும், அதற்கு மேல் ஊற்றுவதால் பிரயோஜனம் இல்லை.

தேய்க்கும்போது மேலிருந்து கீழே, நேர்க்கோட்டில், அழுத்தாமல் கையின் எடை மட்டும் படும்படி. வட்டமாகச் சுற்றாதீர்கள். மிட் தரையில் விழுந்துவிட்டால் அதை அன்றைக்கு ஒதுக்கிவிட்டு சுத்தமாக இருக்கும் வேறு மிட்டை எடுங்கள். செம்மண் தரையில் விழுந்ததென்றால் கட்டாயம்.

வீலுக்குத் தனி பிரஷ், தனி வாளி. பிரேக்கிலிருந்து உதிரும் தூளில் இரும்புத் துகள் இருக்கும், அது பாடிக்கு வரக் கூடாது.

படி 6: துடைக்க

நன்றாகக் கழுவிவிட்டுத் துடைக்கும்போது கோட்டை விடுகிறவர்கள் நிறையப் பேர். துடைக்க வாங்கும் மைக்ரோஃபைபர் துணியில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. தண்ணீர் உறிஞ்ச 500க்கு மேல் இருந்தால் நல்லது. 300, 400 என்பவை டேஷ்போர்டுக்கும் கதவு உள்பக்கத்துக்கும். இரண்டாவது கலவை: பாலியஸ்டர் 80, பாலிஅமைடு 20 அல்லது 70க்கு 30. பாலிஅமைடு கூடினால் மென்மையும் உறிஞ்சுவதும் கூடும். மூன்றாவது ஓரம். ஓரத்தில் தையலே இல்லாத துணி கிடைத்தால் அதுதான். லேபிள் தைத்திருந்தால் முதல் நாளே வெட்டி எறியுங்கள்.

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் வாங்கினாலும் சரி, நேரு வீதிக் கடையில் வாங்கினாலும் சரி, துணியை உள்ளங்கையில் மெல்ல இழுத்துப் பாருங்கள். நல்ல மைக்ரோஃபைபர் தோலின் நுண்ணிய வெடிப்புகளில் லேசாகப் பிடிக்கும். வழுக்கிக்கொண்டு ஓடினால் தண்ணீரையும் அப்படித்தான் தள்ளிக்கொண்டு போகும்.

துணியை பானெட்டில் விரித்து, இரண்டு முனையைப் பிடித்து மெதுவாக உங்கள் பக்கம் இழுங்கள். துணி தண்ணீரைக் குடித்துவிடும், தேய்க்கவே வேண்டாம். ஷாமி லெதர் என்ற மெல்லிய தோல் துணி இதற்கு வேண்டாம். மீந்த மணல் ஒளிய அதில் இழை இல்லை.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்பாக இருப்பது சகஜம். காய்ந்தால் வெள்ளைப் புள்ளி நிற்கும், அதைப் போக்கத்தான் பலர் துணியை அழுத்தித் தேய்க்கிறார்கள். ஆர்ஓ மெஷின் கழிவுத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கார் கழுவுவது இப்போது நிறைய வீடுகளில் வழக்கம். தண்ணீரைச் சேமிக்கும் எண்ணம் நல்லதுதான். ஆனால் அதில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும். டயருக்கும் வீலுக்கும் அதை வைத்துக்கொண்டு, கடைசி அலசலுக்குக் குடிநீர்க் குழாய்த் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ எடுங்கள். காலை 8 மணிக்கு முன்னாலோ மாலை வெயில் இறங்கிய பிறகோ கழுவினால் துடைப்பதற்குள் காயாது.

காசு ஒரேயடியாகப் புரளாது என்றால் முதலில் மிட், வாளி, ஷாம்பு, ஒரு நல்ல துடைக்கும் துணி. பிரஷர் வாஷர் கடைசி.

படி 7: துணிகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள

மிட்டையும் துணியையும் திரவ டிடர்ஜென்டில் மிதமான தண்ணீரில் தனியாகத் துவையுங்கள். மேல்துண்டோடும் சட்டையோடும் சேர்த்துப் போட்டால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். துணி வாசனைக்குப் போடும் சாஃப்ட்னர் வேண்டவே வேண்டாம், இழைகளை மூடிவிடும், அப்புறம் தண்ணீர் உறிஞ்சாது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் விரிக்காமல் கொடியில் நிழலில் காயப் போட்டு, காய்ந்ததும் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். கடல் காற்றில் மணல் வருவது நமக்குத் தெரிந்ததுதானே. விரல் பட்டால் சொரசொரக்கும் துணியைக் கதவு உள்விளிம்புக்கு மாற்றுங்கள், அங்கேயும் ஆகாது என்றால் வீலுக்கு. வீலுக்குப் போன துணி மறுபடி அந்த டப்பாவுக்குள் வரக் கூடாது.