இரத்தம் ஏற்றும்போது அருகில் இருப்பவர் அறிந்திருக்க வேண்டியவை

வீட்டில் ஒருவருக்கு இரத்தம் ஏற்ற வேண்டும் என்று மருத்துவர் சொன்னவுடன், உறவினர்களின் ஓட்டமெல்லாம் கொடையாளரைத் தேடுவதிலும் இரத்த வங்கிக்கு அலைவதிலும் கழிகிறது. பை கைக்கு வந்ததும் பெரிய வேலை முடிந்துவிட்டதாக எல்லோரும் ஆறுதல் அடைகிறார்கள். ஆனால் கவனம் மிகுதியாகத் தேவைப்படும் நேரம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இரத்தம் உயிர் காக்கும் மருந்து. எந்த மருந்தையும் போல அதற்கும் பக்கவிளைவுகள் உண்டு. அவற்றின் முதல் அறிகுறியைப் பெரும்பாலும் காண்பவர் கட்டிலருகே துணைக்கு அமர்ந்திருப்பவரே. அவருக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், எதற்காக ஏற்றுகிறார்கள், எதை ஏற்றுகிறார்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். கொடையாளரிடமிருந்து 350 அல்லது 450 மில்லி அளவில் எடுக்கப்படும் இரத்தம் இப்போது பெரும்பாலும் அப்படியே ஏற்றப்படுவதில்லை. சிவப்பணு, தட்டணு (பிளேட்லெட்), பிளாஸ்மா (இரத்தத்தின் நீர்ப்பகுதி) என்று பிரிக்கப்பட்டு, யாருக்கு எது குறைகிறதோ அது மட்டும் கொடுக்கப்படுகிறது. விபத்து, பிரசவம், பெரிய அறுவைச் சிகிச்சை ஆகியவற்றில் ஏற்படும் இரத்த இழப்புக்கும் கடுமையான இரத்தச் சோகைக்கும் சிவப்பணு. இரத்தம் உறைவதற்கான புரதங்கள் குறைந்து கசிவு நிற்காதபோது பிளாஸ்மா. புற்றுநோய் மருந்துகளால் தட்டணு வெகுவாகக் குறைந்தவர்களுக்குத் தட்டணு. வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு யூனிட், அதாவது ஒரு பை சிவப்பணு, ஹீமோகுளோபினை டெசிலிட்டருக்குச் (100 மில்லிக்கு) சுமார் 1 கிராம் உயர்த்தும். உடல்நிலை சீராக உள்ள நோயாளிக்கு அந்த அளவு 7 கிராமுக்குக் கீழே இறங்கினால்தான் ஏற்றுவது பொதுவான வழக்கம். இதய நோய் உள்ளவர்களுக்கு அது 8 கிராமுக்கு இறங்கும்வரை காத்திருப்பார்கள். எனவே 9 கிராம் இருக்கும் ஒருவருக்குத் தெம்பு வருவதற்காக ஒரு பாட்டில் ஏற்றச் சொல்லி நாமே மருத்துவரை வற்புறுத்துவது சரியன்று. கர்ப்பிணிக்குப் பிரசவத்திற்குப் போதிய காலம் இருந்தால், இரும்புச் சத்து மாத்திரையோ நரம்பு வழியாகச் செலுத்தும் இரும்பு ஊசியோ போதுமா என்று கேட்பது நல்லது.

டெங்கு பரவும் மாதங்களில் தட்டணு எண்ணிக்கையைத் தேர்வு மதிப்பெண்ணைப் போல நாள்தோறும் விசாரித்து, அது குறையக் குறைய உறவினர்கள் பதறுவதைப் பார்க்கிறோம். இரத்தக் கசிவு இல்லாத டெங்கு நோயாளிக்கு எண்ணிக்கை குறைந்தது என்ற ஒரே காரணத்திற்காகத் தட்டணு ஏற்றுவதால் பொதுவாகப் பயனில்லை. அந்த நோயில் உயிரைக் காப்பது சரியான அளவில் கொடுக்கப்படும் நீர்ச்சத்தும் இரத்த அழுத்தத்தைக் கவனித்துக்கொண்டே இருப்பதும்தான்.

தொற்றைப் பற்றிய அச்சம் இயல்பானது. இந்தியாவில் ஒவ்வொரு யூனிட்டும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்கப்பட வேண்டும் என்பது சட்டம். பணத்திற்காக இரத்தம் கொடுப்பது உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வழியே 1998 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டது. இருந்தும் 2018ஆம் ஆண்டின் இறுதியில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் இரத்தச் சோகைக்காக இரத்தம் ஏற்றிக்கொண்ட கர்ப்பிணி ஒருவருக்கு எச்ஐவி தொற்றியது தமிழகத்தையே உலுக்கியது. அரிதாக நிகழ்ந்தாலும் ஒரு குடும்பத்தையே நிலைகுலையச் செய்யும் இத்தகைய ஆபத்தைக் குறைக்கும் நேரான வழி, தேவையில்லாத யூனிட்டை ஏற்றாமல் இருப்பதே. ஏற்றியே ஆக வேண்டுமெனில், உரிமம் பெற்ற இரத்த வங்கியிலிருந்து வந்ததா, பையின் மீது சோதனை முடிவுகள் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள்.

ஆயினும் தொற்றைவிட உடனடியாக உயிரைப் பறிக்கக்கூடியது ஆள் மாற்றம்தான். 1901ஆம் ஆண்டில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் இரத்தப் பிரிவுகளைக் கண்டறிந்து வெளியிட்ட பிறகு, எந்தப் பிரிவு யாருக்குப் பொருந்தும் என்பது மருத்துவ உலகுக்குத் தெரிந்த செய்தி. இன்று நேரும் பிழைகளில் பெரும்பகுதி, ஒருவருக்குரிய பையை இன்னொருவருக்கு மாட்டுவதாலோ மாதிரிக் குப்பியில் வேறொருவர் பெயரை ஒட்டுவதாலோ வருபவை. ஆகவே கொடையாளரின் இரத்தம் நோயாளியின் இரத்தத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் கிராஸ் மேட்ச் சோதனைக்கு இரத்தம் எடுக்கும்போதே கவனியுங்கள். நோயாளியின் பெயரையும் உள்நோயாளி எண்ணையும் குப்பியில் கட்டிலருகிலேயே எழுத வேண்டும். குரூப் முன்பே தெரியும் என்று சொல்லி இந்தச் சோதனையைத் தவிர்க்கச் சொல்லாதீர்கள். 1952ஆம் ஆண்டு மும்பையில் கண்டறியப்பட்ட ‘பாம்பே’ என்னும் அரிய இரத்தப் பிரிவினரை மேலோட்டமான சோதனை ‘ஓ’ என்றே காட்டும். ஆனால் அவர்களுக்கு ‘ஓ’ பிரிவு இரத்தம் ஏற்றினால் பெருங்கேடு விளையும்.

பல மருத்துவமனைகளில் பையை வாங்கி வரும் பொறுப்பு உறவினர் தலையில் விழுகிறது. ஊழியர் ஒருவரை அனுப்பச் சொல்வதே முறை. அதற்கு வழியில்லாவிட்டால், இரத்த வங்கியில் தரும் குளிர்பெட்டியிலேயே எடுத்துக்கொண்டு நேராக வார்டுக்கு வாருங்கள். சிவப்பணுப் பையைக் குளிர்பதனத்திலிருந்து எடுத்த 30 நிமிடங்களுக்குள் ஏற்றத் தொடங்க வேண்டும். தொடங்கியதை 4 மணி நேரத்திற்குள் முடிக்க வேண்டும். ஆகவே ஊசிக்கான நரம்பு தயாராக இருக்கிறது என்று செவிலியர் சொன்ன பிறகே வாங்கப் போவது நல்லது. ‘ஜில்லென்று இருக்கிறதே’ என்று பையை வெந்நீரில் வைப்பதும், வெயிலில் காட்டுவதும், கைகளுக்கிடையே உருட்டிச் சூடாக்குவதும் சிவப்பணுக்களைச் சிதைத்து, கிருமிகள் பெருகவும் இடம் கொடுக்கும். வார்டில் உள்ள சாதாரண ஃபிரிட்ஜிலும் வைக்கக் கூடாது. தட்டணுவுக்கு நேர்மாறான விதி: அதை 20 முதல் 24 டிகிரி வெப்பநிலையில்தான் வைத்திருப்பார்கள் என்பதால் ஐஸ் பெட்டியில் கொண்டுவரக் கூடாது.

பையை மாட்டுவதற்கு முன் இரண்டு பேர் சேர்ந்து, பையின் எண், பிரிவு, காலாவதித் தேதி ஆகியவற்றைப் படிவத்தோடும், நோயாளியின் பெயரையும் எண்ணையும் கையில் கட்டியிருக்கும் பட்டையோடும் ஒப்பிட வேண்டும். ‘நீங்கள் லட்சுமிதானே?’ என்று கேட்டால் மயக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். ‘உங்கள் பெயர் என்ன?’ என்று கேட்பதே சரியான முறை. அப்படிக் கேட்கவில்லை என்றால், ‘ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள், சிஸ்டர்’ என்று பணிவோடு சொல்லத் தயங்க வேண்டாம். பையில் கட்டியோ நிறமாற்றமோ கசிவோ தெரிந்தாலும் உடனே சொல்லுங்கள்.

ஏற்றத் தொடங்கிய முதல் 15 நிமிடங்கள் மிக முக்கியமானவை. அப்போது மெதுவாகவே செலுத்துவார்கள். வெப்பநிலை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைத் தொடங்கும் முன்பும் 15 நிமிடம் கழித்தும் குறித்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் சாப்பாடு வாங்கவோ பில் கட்டவோ போகாமல் அருகிலேயே இருங்கள். நேரம் ஆகிறதே என்று குழாயில் உள்ள திருகியைத் தள்ளி வேகத்தைக் கூட்டாதீர்கள். அதே குழாய் வழியாக வேறு மருந்தோ குளுக்கோஸோ செலுத்தக் கூடாது.

நோயாளிக்குக் குளிர் எடுத்தால் நாம் உடனே மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்துகிறோம். அந்தக் குளிர்நடுக்கம் ஒவ்வாமையின், அதாவது ஏற்றிய இரத்தத்தை உடல் ஏற்காததன் முதல் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், போர்த்தும் முன் செவிலியரை அழைக்க வேண்டும். காய்ச்சலும் நடுக்கமும் மட்டுமே இருந்தால் பெரும்பாலும் அது எளிதில் அடங்கும். ஆனால் பிரிவு மாறிய இரத்தம் சென்றாலும், கிருமி கலந்திருந்தாலும் அறிகுறிகள் இப்படித்தான் தொடங்கும் என்பதால், இது இன்னது என்று முடிவு செய்வது மருத்துவரின் வேலை. முதுகு, விலா, மார்பு ஆகிய இடங்களில் வலி, ஊசி குத்திய இடத்தில் எரிச்சல், காரணம் சொல்லத் தெரியாத பெரும் பதற்றம், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போவது ஆகியவை பிரிவு மாற்றத்தின் அடையாளங்கள். அரிப்பும் தடிப்பும் அலர்ஜியைக் காட்டும். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ அது உயிருக்கு ஆபத்தான அலர்ஜி. முதியவர்களுக்கும் இதயம், சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும் வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து, படுக்க முடியாத மூச்சுத்திணறல் வரும். ஆகவே இந்த நோய்கள் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எந்த அறிகுறி தெரிந்தாலும் ஏற்றுவதை நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுங்கள். ஊசியைப் பிடுங்க வேண்டாம். மருந்து செலுத்த அந்த நரம்பு தேவைப்படும். பையைக் குப்பையில் போடவும் விடாதீர்கள். காரணத்தைக் கண்டறிய அதை இரத்த வங்கிக்குத் திருப்பி அனுப்பியாக வேண்டும்.

நெருங்கிய உறவினரின் இரத்தமே பாதுகாப்பானது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது சரியன்று. இரத்த உறவினரின் வெள்ளணுக்கள் அந்நியமாக அடையாளம் காணப்படாமல் தங்கி, பெற்றவரின் உடலையே தாக்கும் அரிய ஆனால் கொடிய நோய் ஒன்று உண்டு. அதனால் அப்படிப்பட்ட பையைக் கதிரூட்டி, அதாவது கதிர்வீச்சால் அந்த வெள்ளணுக்களைச் செயலிழக்கச் செய்த பிறகே ஏற்ற வேண்டும். இன்னும் கருத்தரிக்க வாய்ப்புள்ள மனைவிக்குக் கணவர் இரத்தம் தருவதையும் தவிர்ப்பது நல்லது. அதனால் உருவாகும் எதிர்ப்பொருள்கள் பின்னாளில் குழந்தையைப் பாதிக்கக்கூடும். இவர்கள் இரத்த வங்கிக்குத் தாராளமாகக் கொடுக்கட்டும். நோயாளிக்கு வேறொருவரின் பை வரட்டும்.

வீடு திரும்பிய பிறகும் சுமார் இரண்டு வாரம் கவனியுங்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் கருமையாவது, காய்ச்சல், மீண்டும் சோர்வு ஆகியவை தாமதமாக வரும் ஒவ்வாமையாக இருக்கலாம். தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோய் உள்ள குழந்தைகளைப் போல அடிக்கடி ஏற்றிக்கொள்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: ஒவ்வொரு யூனிட்டும் உடலில் 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பைச் சேர்க்கும்; அது இதயத்திலும் ஈரலிலும் படியாமலிருக்க, உடலில் சேர்ந்துள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்து இரும்பை வெளியேற்றும் மருந்தைத் தொடர வேண்டும். ஏற்றிய தேதி, பிரிவு, பையின் எண், ஏதேனும் ஒவ்வாமை ஏற்பட்டதா என்ற குறிப்பு ஆகியவற்றை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்கிப் பத்திரப்படுத்தி, அடுத்த முறை எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் மாதிரி எடுக்கும் முன்பே காட்டுங்கள்.