பதின்ம வயதினருக்கு வரலாற்று நாவல் எடுப்பது எப்படி?

அக்கா மகளுக்கு 14 வயது. இரண்டு வருடமாக அவளுக்கு வரலாற்று நாவல் தேடித் தருவது என் வேலை. சில தவறுகள் செய்த பிறகுதான் எனக்கு இது பிடிபட்டது.

முதலில் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். ஆசிரியர் குறிப்பு இருந்து, எது நடந்தது, எது கற்பனை என்று பிரித்துச் சொல்லியிருந்தால் அந்த எழுத்தாளரை நம்பி வாங்கலாம். இல்லாவிட்டாலும் ஒதுக்க வேண்டாம். ஆனால் படித்து முடித்ததும் பிள்ளையோடு உட்கார்ந்து பிரித்துப் பேசும் வேலை நம் தலையில் விழும்.

அப்புறம் நடுவில் எங்காவது பத்துப் பக்கம் படியுங்கள். எனக்கு இதுதான் பெரிய சோதனை: கதையில் வரும் பெண்ணுக்கு எதெல்லாம் தெரியவில்லை? 1348இல் ஐரோப்பாவில் பிளேக் என்ற கொள்ளைநோய்க்கு நடுவே வாழ்பவளுக்குக் கிருமி என்ற எண்ணமே இருக்க முடியாது. அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததே 1894இல்தான். அவள் கெட்ட காற்றுக்குப் பயப்பட வேண்டும், கடவுளின் கோபத்துக்குப் பயப்பட வேண்டும். இன்றைய பிள்ளைக்குப் பழைய உடுப்பை மாட்டிவிட்டால் படிப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். அப்படி ஒன்றைக் கொடுத்தபோது அக்கா மகள் நாற்பதாம் பக்கத்தில் மூடிவிட்டு, "இவ என் கிளாஸ்ல இருக்கிறவ மாதிரியே பேசுறா சித்தி" என்றாள்.

நன்றாகச் செய்த புத்தகம் என்றால் லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் 'ஃபீவர் 1793'. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் அந்த வருடம் மஞ்சள் காய்ச்சலில் சுமார் 5,000 பேர் இறந்தார்கள்; ஊரில் பத்தில் ஒருவர். கதை தொடங்குவதே காதருகே ரீங்கரிக்கும் கொசுவோடுதான். கதாநாயகி மேட்டி அதை வெறும் தொல்லையாக நினைக்கிறாள். அந்தக் காய்ச்சலைப் பரப்புவதே கொசு என்று தெரிந்த நமக்கோ வயிறு கலங்குகிறது. துறைமுகத்தில் அழுகிக் கிடந்த காப்பிக்கொட்டையின் நாற்றமே காரணம் என்று அன்றைய பெரிய மருத்துவரே நம்பினார். மேட்டி மட்டும் கொசுவைச் சந்தேகித்திருந்தால் இந்த நாவலே கெட்டிருக்கும்.

சில்லறைப் பிழைகளுக்காகப் புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். 1300களின் ஐரோப்பியக் கிராமத்தில் உருளைக்கிழங்கு வந்தால் தவறுதான். கொலம்பஸ் அமெரிக்கக் கரைக்குப் போன 1492க்கு முன் ஐரோப்பாவில் அது கிடையாது. இப்படி ஒன்று அகப்பட்டால் எங்கள் வீட்டில் ஓரத்தில் பென்சிலால் குறிப்போம். அவளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

சாவும் கொடுமையும் வரும் பக்கங்களை மறைக்க வேண்டாம். அவற்றைத் தவிர்த்தால் அது வரலாறே இல்லை. நீங்களும் அதே வாரம் படித்துவிடுங்கள், கேள்வி வரும்போது பக்கத்தில் இருக்கலாம். "அப்போ கொசுவை யாருமே சந்தேகப்படலையா?" என்று கேட்டாள். தேடிப் பார்த்தோம். கியூபா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881இல் சொல்லியிருக்கிறார். அது சரியென்று நிரூபிக்க 1900 வரை ஆகியிருக்கிறது. இப்போது அவரைப் பற்றி ஒரு நாவல் வேண்டுமாம். தேடிக்கொண்டிருக்கிறேன்.