தொட்டித் துஜா வெளிறியதும், நான் சரிசெய்த விதமும்

கோவையில் எங்கள் சிறிய நர்சரியில் அறுபது துஜா (அழகுக்கு வளர்க்கும் ஊசியிலை இன மரம்) கன்றுகளைத் தொட்டிகளில், மண்ணே சேர்க்காமல் கோகோபீட்டில் (தேங்காய் நார்க்கழிவு) வளர்க்கிறேன். நான்காம் மாதம் நிறம் மங்கியது. கிளையை விலக்கிப் பார்த்தேன். உள்பக்கத்துப் பழைய இலைகள் வெளிறியிருந்தன, நுனி மட்டும் பச்சை. நுனி வெளிறியிருந்தால் இரும்புச்சத்தைச் சந்தேகித்திருப்பேன். தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால், செடி பழைய இலையிலிருந்து அதை உருவித் தளிருக்குக் கொடுத்துவிடும். அதனால் இது தழைச்சத்துக் குறைவு என்று முடிவு செய்தேன்.

காரணம் தொட்டிக்குள்ளேயே இருந்தது. சரியாக மட்காத நார்க்கழிவில் கார்பன் அதிகம். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் நாம் ஊற்றும் தழைச்சத்தை முந்திக்கொண்டு எடுத்துவிடுகின்றன.

லிட்டருக்கு 1 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து வாரம் இருமுறை ஊற்றினேன். அதில் தழைச்சத்து 15.5 சதவீதம், அதாவது கரைசலில் 155 பிபிஎம் (லிட்டருக்கு 155 மில்லிகிராம்). செடி தேறியது. ஆனால் தொட்டியிலிருந்து வடியும் நீரின் பிஎச் (அமில, கார அளவு) 7ஐத் தாண்டியது, இப்போது நுனி வெளிறியது! காரம் ஏறினால் செடியால் இரும்புச்சத்தைச் சரியாக எடுக்க முடியாது. வேர் நைட்ரேட்டை மட்டுமே உறிஞ்சும்போது சுற்றிலும் காரத்தன்மை ஏறும், எங்கள் போர் தண்ணீரும் கடினநீர்.

சரி என்று, பிஎச்சை இறக்க, ஒரு முறை விட்டு ஒரு முறை லிட்டருக்கு அரை கிராம் அம்மோனியம் சல்பேட் கொடுத்தேன். ஊசியிலை இனங்கள் பலவும் அம்மோனியத்தை விரும்பியே எடுக்கும். இரண்டு உரத்தையும் ஒரே கேனில் கெட்டியாகக் கரைக்காதீர்கள், ஜிப்சமாக அடியில் படிந்துவிடும். பிஎச் மெதுவாக 6க்கு இறங்கியது. அப்புறம் வந்த தளிர்கள் நல்ல கரும்பச்சை. காய்ந்துபோன உள்இலைகள் மீளவில்லை, கையால் உதிர்த்துவிட்டேன்.