மங்குக்குப் பால் இறங்குகிற மாதிரி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் மலையேற்றக் குழு நடக்கும் பாதை, ரப்பர் தோட்டத்தை ஒட்டிக் குன்றில் ஏறுகிறது. போன வருடம் கோத்தோங் ரோயோங் (கூடிச் செய்யும் பொதுப்பணி) வைத்து, 30 பேர் லாலாங் என்ற களைப்புல்லை வெட்டித் தள்ளினோம். அடுத்த மழையிலேயே பாதை ஓடையாகிவிட்டது.

அப்புறம்தான் ஒரு நாள் கொட்டும் மழையில் ஏறிப் பார்த்தேன். தண்ணீர் வெளியேற வழியே இல்லை. பாதையோடு நேராக இறங்கி மண்ணை அரித்தது. வேரெல்லாம் வெளியே தெரிந்தது. களை ஒரு பொருட்டே இல்லை.

இதைச் சொன்னதும், பல வருடம் ரப்பர் மரம் சீவி மங்கில் (கிண்ணத்தில்) பால் எடுத்த அக்கா ஒருவர் மண்வெட்டியைக் கேட்டு வாங்கினார். "தம்பி, வெட்டு சாய்வா இருந்தாத்தானே மங்குக்குப் பால் இறங்கும்? தண்ணியையும் அப்படித்தான் திருப்பணும்" என்று பாதையின் குறுக்கே சாய்வாகக் கோடு இழுத்தார். அதில் ஒரு சாண் ஆழம் வெட்டி, தோண்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போட்டு மிதித்து இறுக்கினோம். தண்ணீர் வெளியேறும் வாய் அகலமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சருகு அடைத்துவிடும்.

இப்போது கூட்டம் சேர்ப்பதில்லை. தோட்ட ஆபீசில் சொல்லிவிட்டு, ஞாயிறு காலை 7 மணிக்கு ஐந்தைந்து பேராக ஏறுகிறோம். ஒரு குழுவுக்கு இரண்டு வாய்க்கால்தான். அக்டோபர் மழைக்கு முன் சருகு வாருவது கட்டாயம்.