சீட்டை இறக்கினால் சைக்கிள் சிறிதாகிவிடாது

போன மாதம் அக்கா மகன் புது சைக்கிளோடு எங்கள் பாளையங்கோட்டை வீட்டு வாசலில் வந்து நின்றான். நின்றான் என்றும் சொல்ல முடியாது. ஒரு காலின் பெருவிரல் தரையில், இன்னொரு கால் பெடலில், இடுப்பு பார்மேல் சாய்ந்து, சைக்கிள் ஒரு பக்கமாகப் படுக்கப் பார்த்தது. பையன் 5 அடி 4 அங்குலம். ஃபிரேமில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் ‘எல்’ என்று இருந்தது.

“ஏலே, இது உனக்குப் பெருசுல்லா?”

“சீட்ட இறக்கி வச்சிட்டேன் மாமா. கடையில அப்படித்தான் சொன்னாவ.”

எனக்கு எரிச்சலாக வந்தது, அவன்மேல் அல்ல. பத்து வருஷத்துக்கு முன்னால் என்னிடமும் ஒருவர் இதையே சொல்லி, நானும் தலையாட்டிப் பணம் கொடுத்துவிட்டு வந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஹெல்மெட், நல்ல பூட்டு, வாரம் ஒருமுறை காற்று இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். வார நாளில் பேட்டை வரை வேலைக்குப் போக வர 20 கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை அம்பை (அம்பாசமுத்திரம்) வரை ஒரு நடை. இந்த இரண்டுக்கும் ஒரே சைக்கிள் தேடுகிறவர்கள் எங்கே வழுக்குகிறார்கள் என்பது மட்டும்தான் இங்கே.

அளவு

ஆடித் தள்ளுபடி. 22,000 ரூபாய் ஹைப்ரிட் (ரோட்டு சைக்கிளும் மலை சைக்கிளும் கலந்த வகை) ஒன்று 18,000-க்கு வந்திருந்தது. என் உயரம் 5 அடி 6. எனக்கு 17 அங்குல ஃபிரேம் போதும். கடையில் மிச்சம் இருந்தது 19 மட்டும். “கொஞ்சம் பெருசோ?” என்று நானே கேட்டேன். கடைக்காரர் சீட்டு லீவரைத் தளர்த்தி நாலு விரல் இறக்கினார். “ஏத்தி இறக்கிக்கிடலாம்லா அண்ணாச்சி, உக்காந்து பாருங்க.” உட்கார்ந்தேன். கால் எட்டியது. கால் எட்டினால் அளவு சரி என்று நினைத்துக்கொண்டேன்.

சீட்டை ஏற்றி இறக்கினால் மாறுவது காலுக்கும் பெடலுக்கும் உள்ள தூரம். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள தூரம் ஃபிரேமிலேயே வெல்டிங் அடித்து முடிவானது. சீட்டுக் குழாய் சாய்ந்துதானே இருக்கிறது, இறக்கும்போது சீட்டு முன்னால் வராதா என்று கேட்கலாம். வரும். அந்தச் சாய்வு பெரும்பாலும் 73 டிகிரி அளவில் இருக்கும், சீட்டை 2.5 சென்டிமீட்டர் இறக்கினால் முன்னால் வருவது 7 மில்லிமீட்டர்தான். ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் நீளத்தில் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்கும். மிச்சத்தை உங்கள் முதுகும் கையும்தான் நீண்டு கொடுக்க வேண்டும்.

பேட்டைக்குப் போய்வந்த முதல் சில வாரம் ஒன்றும் தெரியவில்லை. கொக்கிரகுளம், சுலோசன முதலியார் பாலம், ஜங்ஷன், டவுன் என்று நின்று நின்று போகிற ரோடு. சிக்னலில் கையை உதறிக்கொள்ள நேரம் கிடைத்துவிடும். முதல் ஞாயிற்றுக்கிழமை அம்பை ரோட்டில் போனபோதுதான் சாயம் வெளுத்தது. ஆடிக் காற்று வேறு. அந்த மாதங்களில் மேற்கே போனால் மூஞ்சியில் அடிக்கும், குனிந்துதான் மிதிக்க வேண்டும். முன்னீர்பள்ளம் தாண்டியதும் கழுத்து இறுகியது. பத்தமடை வரும்போது இடது கைச் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. சேரன்மகாதேவியில் டீ வாங்கினால், கிளாஸின் சூடு அந்த இரண்டு விரலுக்கும் தெரியவில்லை. வேறு விரல்கள் சுடுகின்றன, இவை இரண்டும் யாருடைய விரலோ போல இருக்கின்றன.

உள்ளங்கையின் அடிப்பகுதி வழியாக அந்த இரண்டு விரலுக்கும் ஒரு நரம்பு ஓடுகிறது. ஃபிரேம் நீளமாக இருந்தால் உடம்பு முன்னால் சரிந்து, பாரம் முழுவதும் அந்த இடத்தில் உட்காரும். இது புரியாமல் நான் வாங்கிய சாமான்கள்: ஜெல் வைத்த கையுறை, ஜெல் வைத்த சீட்டு உறை, ஹேண்டில்பார் கிரிப். பிறகு ஹேண்டில்பாரை ஃபிரேமோடு பிடித்திருக்கும் 100 மில்லிமீட்டர் ஸ்டெம்மைக் கழற்றிவிட்டு 60 போட்டேன். மரப்பு குறைந்தது. ஆனால் லேசாகத் தும்மினாலும் ஹேண்டில் திரும்பியது. சீட்டை அதன் அடியில் இருக்கும் கம்பிகளில் முன்னால் தள்ளினேன், முட்டி வலி வந்தது. இரண்டு வருஷம் இப்படியே போராடிவிட்டு, உயரமான ஒருவருக்கு 7,500-க்குக் கொடுத்தேன். தள்ளுபடியில் மிச்சம் பிடித்தது 4,000. விற்றதில் போனது 10,500, சாமான் செலவு தனி.

நம் அப்பா காலத்துக் கடையில் இது நடந்திருக்காது. 22 இஞ்சா, 24 இஞ்சா என்பதுதான் முதல் கேள்வி. வாடகை சைக்கிள் கடையில்கூட ஆளைப் பார்த்துத்தான் வண்டியை எடுத்துக் கொடுப்பார்கள். அந்த 22-உம் 24-உம் ஃபிரேமின் உயரம். இரண்டிலும் மாட்டியிருந்தது ஒரே 28 அங்குல வீல். இப்போது கடையில் சொல்கிற 26, 27.5, 29 எல்லாம் வீல் அளவு. “எனக்கு 29 குடுங்க” என்று கேட்டு வாங்கியவுடன் அளவு பார்த்தாயிற்று என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. சட்டை அளவைக் கேட்டதற்குச் செருப்பு அளவைச் சொன்ன கதைதான்.

கடைக்குப் போகும் முன்பே வீட்டில் அளந்துவிடுங்கள். செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நின்று, கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்றைக் கால்களுக்கு நடுவில் நன்றாக மேலே அழுத்தி வைத்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை டேப் பிடிக்க வேண்டும். அதை 0.883-ஆல் பெருக்குங்கள். 78 சென்டிமீட்டர் வந்தால் 69. கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) சுற்றுகிற நடு அச்சிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை அந்த 69 இருக்கும்படி கடையில் சீட்டை வைக்கச் சொல்லுங்கள். இது தொடக்கம்தான், பின்னால் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். அப்புறம் ஹேண்டிலைப் பிடித்துப் பாருங்கள். முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். கை விறைத்து நீண்டால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்த வண்டி உங்களுக்கு இல்லை. சீட்டிலிருந்து இறங்கி, ஃபிரேமின் மேல் பாருக்கு இருபக்கமும் கால் போட்டு இரண்டு பாதமும் தரையில் பதிய நின்றால், பாருக்கும் தொடையிடுக்குக்கும் நடுவில் 3 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும்.

இரண்டு சைஸுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் சிறியதை எடுங்கள். சிறிய ஃபிரேமில் சீட்டுக் கம்பியையும் ஸ்டெம்மையும் நீட்டிச் சமாளிக்க இடம் உண்டு. பெரியதைக் குறுக்க வழி இல்லை. “வளர்ற புள்ள” என்று பள்ளிக்கூடச் சட்டை தைப்பது போல வாங்குகிற அப்பாமார்களுக்கும் இதே பதில்தான்.

மருமகன் கடைக்குத் திரும்பப் போய்க் கேட்டான். டயரில் மண் பட்டுவிட்டதாம், மாற்ற முடியாதாம்.

முன்னால் ஸ்பிரிங்

விலை குறைந்த சைக்கிளில் வரும் ஸ்பிரிங் ஃபோர்க் (முன் வீலைப் பிடித்திருக்கும் கவை) மட்டுமே 2 கிலோவுக்கு மேல் இருக்கும். ஈரடுக்கு மேம்பாலம் ஏறும்போது அதையும் சேர்த்துத்தான் மிதிக்கிறீர்கள். நம் ரோட்டுக் குழிக்குக் கொஞ்சம் அகலமான டயர் போதும்.

21 கியர்

21 என்பது முன்னால் இருக்கும் 3 பற்சக்கரத்தையும் பின்னால் இருக்கும் 7-ஐயும் பெருக்கி வந்த எண். முன்னால் 48 பல்லும் பின்னால் 24 பல்லும் போட்டால் பெடல் ஒரு சுற்றுக்கு வீல் இரண்டு சுற்று. முன்னால் 28, பின்னால் 14 போட்டாலும் அதே இரண்டு சுற்றுதான். இப்படி ஒன்றின்மேல் ஒன்று விழுகிறவற்றைக் கழித்தால் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். பாபநாசம் வரை தட்டையாகக் கிடக்கிற ஊரில் முன்னால் ஒன்றோ இரண்டோ, பின்னால் எட்டு இருந்தால் தாராளம்.

எண்ணிக்கையை விட்டுவிட்டு வேறு ஒன்றைக் கேளுங்கள்: பின்னால் பற்சக்கரங்களைத் தாங்குவது ஃபிரீவீலா, கேசட்டா? 7 கியர் வண்டிகள் பலவற்றில் ஹப்பின்மேல் (வீலின் நடுக்குடம்) மரையில் திருகி ஏற்றுகிற ஃபிரீவீல் இருக்கும். அதில் வலதுபக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால், அச்சுக் கம்பியின் நுனி தாங்கலே இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். பையோடு ஆளும் கனமாக இருந்து, குழியிலும் விழுந்து எழுந்தால் அச்சு மெல்ல வளையும், ஒருநாள் முறியும். எனக்கு வீரவநல்லூர் தாண்டி முறிந்தது. லோடு ஆட்டோவில் வாழைத்தாரோடு வீடு வந்து சேர்ந்தேன். கேசட் ஹப்பில் அந்த பேரிங் ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கும். விலை கொஞ்சம் கூடும், கூடட்டும்.

உடை முள்

நாங்குநேரிப் பக்கம் போகிறவர்களுக்கு உடைமரத்து முள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டாம். வேகத்துக்கு ஆசைப்பட்டு 25 மில்லிமீட்டர் டயர் போட்டால் பாதி நாள் ரோட்டோரத்தில்தான் இருப்பீர்கள். 35-இலிருந்து 40 வரை, உள்ளே முள் தடுக்கும் பட்டை வைத்த டயராகப் பார்த்து வாங்குங்கள். பஞ்சர் ஆனால் புது டியூப் போடும் முன் ஒரு துண்டுப் பஞ்சை டயரின் உள்பக்கம் சுற்றிலும் தேய்த்துப் பாருங்கள். முள்ளின் நுனி முறிந்து உள்ளேயே இருக்கும், பஞ்சு அதில் சிக்கும். இதைச் செய்யாமல் ஒரே இடத்தில் இரண்டு டியூபைக் காலி செய்திருக்கிறேன்.

26 அங்குல டியூப் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். ஹைப்ரிட் வண்டிகளில் வரும் 700சி அளவு வீலுக்கான டியூப் கிடைக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள், பையில் ஒன்று இருக்கட்டும்.

பிரெஸ்டா வால்வு

டியூபில் காற்றடிக்கும் வாய் ஒல்லியாக இருக்கும் வகை இது, பஞ்சர் கடை ஹோஸ் ஏறாது. பித்தளை அடாப்டர் ஒன்றைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

மட்காடு, கேரியர்

அவை இல்லாமல்கூட வாங்கலாம். மாட்டுவதற்கு ஃபிரேமில் மரையுள்ள ஓட்டை இல்லாத வண்டியை வாங்காதீர்கள். ஐப்பசி மழையில் ஒருநாள் முதுகில் சேற்றுக் கோட்டோடு ஆபீஸ் போனால் புரியும்.

பெட்டியில் வரும் சைக்கிள்

ஆன்லைனில் வாங்கினால் 85 சதவீதம் பூட்டித்தான் வரும், மிச்சம் நம் பாடு. இரண்டு இடத்தில் கவனம். முன் ஃபோர்க் பின்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே ஓட்டிக்கொண்டு போகிறவர்களை வண்ணார்பேட்டையிலேயே மூன்று பேர் பார்த்தேன். அடுத்து இடது பெடல். அதன் மரை எதிர்ப்பக்கம் சுற்றும். தெரியாமல் பலமாக முறுக்கினால் கிராங்க் மரையே போய்விடும், பெடல் பிறகு அதில் நிற்காது.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய்

வேண்டாம். நான் போட்டிருக்கிறேன்.