காது திறக்கக் கால்மணி நேரம் ஆகும்: இயற்கையைக் கவனிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானிய வனத்துறை 1982இல் 'ஷின்ரின்-யோகு' என்றொரு சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. காட்டில் குளித்தல் என்று பொருள். காட்டுக்குள் மெல்ல நடந்து, ஐம்புலனாலும் அதை உள்வாங்குவதுதான் அந்தக் குளியல். இதைக் கேள்விப்பட்டதும் பலர் கொடைக்கானலுக்கோ வால்பாறைக்கோ வண்டி ஏறுகிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. இரண்டு நாளில் ஒரு மலையின் வழக்கமான ஒலி எது, வழக்கம் மீறிய ஒலி எது என்று காதுக்குப் பிடிபடாது. அந்த வேறுபாடு தெரியாதவரை எல்லாமே வெறும் பச்சையாகவும் இரைச்சலாகவும்தான் இருக்கும்.

வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏரிக்கரை, குளத்துப் படிக்கட்டு, தெருமுனைப் புங்கமரம், வேப்பங்கிளை எட்டிப் பார்க்கும் மொட்டைமாடி, எதுவானாலும் சரி. கொஞ்சம் மண்ணும் ஒரு மரமும் கண்ணுக்குத் தெரிந்தால் போதும். வாரத்தில் மூன்று நாளாவது அதே இடத்தில், அதே நேரத்தில் உட்கார வேண்டும். உட்காருமுன் மடித்த சாக்கு ஒன்றை விரியுங்கள். மாமரம் என்றால் முசுறு எறும்பு இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். கல்லைப் புரட்டுவதும் பொந்துக்குள் கைவிடுவதும் வேண்டாம். தேள் அங்கேதான் இருக்கும்.

பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவது

இருப்பதிலேயே பெரிய தவறு இது. நீங்கள் வந்து உட்காரும்போதே அங்கிருந்த உயிர்கள் விலகிவிடுகின்றன. தவிட்டுக்குருவிக் கூட்டம் புதருக்குள் போகும், அணில் மரத்தின் மறுபக்கம் ஒளியும், ஓணான் அசையாமல் ஒட்டிக்கொள்ளும். அவை மறுபடி தம் வேலைக்குத் திரும்பப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். பத்தாவது நிமிடம் "இங்கே ஒன்றும் இல்லை" என்று எழுந்து போகிறவர் பார்த்தது, தன்னைக் கண்டு பயந்த அமைதியை மட்டுமே. அரைமணி நேரம் ஒதுக்குங்கள். முதல் பாதி அவை உங்களுக்குப் பழகுவதற்கு.

விடியலுக்கு அரைமணி முன் போய்விடுவது நல்லது. அந்த வேளையில் காற்று அடங்கியிருக்கும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ளது சற்றே வெதுவெதுப்பாகவும் இருப்பதால், மேலே போகும் ஒலி வளைந்து தரைப்பக்கம் திரும்பும். தொலைவில் கூவுவதும் அப்போது துல்லியமாகக் கேட்கும். இருள் பிரியும் முன்பே கரிச்சான் தொடங்கிவிடும். எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்தால் பைக் ஹாரன்தான் காதில் விழும்.

ஒலி கேட்டதும் பெயரைத் தேடுவது

பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலிகள் நல்ல கருவிகள்தான். ஆனால் முதல் ஐந்து நிமிடத்திலேயே அதைத் திறந்தால், பெயர் கிடைத்த கணத்தில் காது வேலையை நிறுத்திவிடும். அதற்குப் பதில் ஒரு தாளின் நடுவே புள்ளி வையுங்கள், அது நீங்கள். கேட்கும் ஒவ்வொரு ஒலியையும் அது வந்த திசையில், உத்தேசத் தொலைவில் ஒரு சிறு கோடாகக் குறியுங்கள். பெயர் வேண்டாம், வடிவம் போதும். ஏறுகிறதா, இறங்குகிறதா, ஒரே சீராகத் தட்டுகிறதா? ஆண் குயிலின் குரல் ஒவ்வொரு கூவலுக்கும் ஒரு படி ஏறும். செம்போத்து அடிவயிற்றிலிருந்து வருவதுபோல 'ஊப் ஊப்' என்னும். செம்மார்புக் குக்குறுவான் செம்பு தட்டுவதுபோல மாறாத தாளத்தில் 'டுக் டுக்' என்று போய்க்கொண்டே இருக்கும். அது கூவும்போது தலையை இப்படியும் அப்படியும் திருப்புவதால் ஒலி வேறுவேறு இடத்திலிருந்து வருவதாகத் தோன்றும். இடம் மாறிவிட்டது என்று நினைத்து மரம் மரமாகத் தேடாதீர்கள்.

இரண்டு உள்ளங்கைகளையும் குவித்துக் காதுகளுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். முன்னால் இருந்து வரும் மெல்லிய ஒலி சட்டென்று அருகில் வந்துவிடும். திசை பிடிபடாவிட்டால் தலையை மெல்லத் திருப்புங்கள். இரு காதுக்கும் ஒலி வந்து சேரும் நேரத்திலும் அதன் வலிமையிலும் உள்ள மிகச் சிறிய வேறுபாட்டை வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. ஒரு காதில் இயர்போன் மாட்டியவருக்கு அந்தக் கணக்கே வராது.

இன்னொன்று. தவிட்டுக்குருவி, மைனா, அணில் எல்லாம் ஒரே இடத்தைப் பார்த்து விடாமல் கத்தினால், அது எச்சரிக்கை. அங்கே பூனையோ பாம்போ வல்லூறோ இருக்கும். 'என்ன அது' என்று அருகே போகாமல், இருந்த இடத்திலிருந்தே கவனியுங்கள். கத்தல் மெல்ல நகர்ந்தால், அந்த விலங்கும் நகர்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பழகிய காதுக்கு இது ஒரு செய்தித்தாள்.

பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டது என்று நம்பி, ஆண் பறவை இரை தேடுவதை விட்டுச் சண்டைக்கு வரும். கூட்டில் குஞ்சு இருக்கும் நாளில் அந்த இழப்பைத் தாங்குவது குஞ்சுகள்தான்.

மூக்கைக் களைப்பாக்குவது

ஒரே மணத்தைச் சில நிமிடம் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு அதைப் பதிவு செய்வதை நிறுத்திவிடும். அதனால் ஆழமாக இழுக்காமல், இரண்டு மூன்று சிறு இழுப்பாக முகர வேண்டும். பிறகு முழங்கையின் உள்மடிப்பில் உங்கள் தோலையே ஒருமுறை முகர்ந்தால் மூக்கு தெளியும். நொச்சி, துளசி, உண்ணிச்செடி என ஒவ்வொன்றிலும் ஓர் இலையைக் கசக்கி முகரலாம். அடுத்ததைத் தொடுமுன் விரலைக் கழுவுங்கள். எருக்கை விட்டுவிடுங்கள், அதன் பால் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். பவுடரும் சென்டும் போட்டுக்கொண்டு போனால் முகர்வது உங்களை மட்டும்தான்.

மழைக்கு முந்திய மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. ஒரு லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு பிடித்துவிடும். மூக்கு மந்தமென்று யாரும் குறைப்பட்டுக்கொள்ளத் தேவையில்லை, தேடும் வேளைதான் தவறாக இருக்கிறது. பவழமல்லியும் மரமல்லியும் அந்துப்பூச்சிகளுக்காக இரவில் மலர்ந்து காலையில் உதிர்பவை. பகல் பன்னிரண்டு மணிக்குப் போய் மணக்கவில்லை என்றால் அது பூவின் குற்றமல்ல.

தொடுவதும் சுவைப்பதும்

தொல்காப்பியம் உயிர்களை அறிவால் வகுக்கும்போது தொடு உணர்வில் தொடங்கி, நாக்கு, மூக்கு என்று ஏறி, நான்காவதாகத்தான் கண்ணை வைக்கிறது. நாமோ கண்ணோடு தொடங்கிக் கண்ணோடு முடித்துவிடுகிறோம். மரப்பட்டையைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெயில் பட்ட பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் தெரியும். வேம்பின் வெடிப்புக்கும் மருதமரத்தின் வழவழப்புக்கும் இடையே கண்ணை மூடிக்கொண்டே மரத்தை அடையாளம் சொல்லிவிடலாம்.

தொடுமுன் பார்ப்பது கட்டாயம். முருங்கை அடிமரத்தில் கம்பளிப்பூச்சி கூட்டமாக ஒட்டியிருக்கும். பூனைக்காலிக் காயின் சுணையும் செந்தட்டி இலையும் தாங்க முடியாமல் அரிக்கும். சுணை பட்டுவிட்டால் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் அது தோலுக்குள் இன்னும் இறங்கும். ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்தெடுத்த பிறகு தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வெறுங்காலில் நடக்க ஆசை என்றால், பெருக்கிய தரையில், வெளிச்சம் வந்த பிறகு. விடியுமுன் புல்லில் கால் வைப்பது விரியனை மிதிப்பதற்கு வழி. அசுத்தமான ஈரமண்ணில் கொக்கிப்புழுவும் காலைத் துளைத்து உள்ளே போகும்.

சுவையில் விதி ஒன்றே: வீட்டில் ஏற்கெனவே உண்பது மட்டும். புளியங்கொழுந்து, வேப்பம்பூ, புளியாரை போதும். பறவை தின்கிறதே என்று நாமும் வாயில் போட முடியாது. குன்றிமணி, அரளி, ஊமத்தை, நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு, எல்லாமே உயிரைப் பறிக்கக்கூடியவை.

உற்றுப் பார்ப்பது

அசைவைப் பிடிப்பதில் பார்வையின் ஓரம் கெட்டி. இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி விரல்களை அசைத்து, முன்னால் பார்த்தபடியே இரண்டும் தெரியும் எல்லையைக் கண்டுகொள்ளுங்கள். அந்த அகலத்திலேயே பார்வையைத் தளர்வாக வைத்திருந்தால் இலைக்குள் ஓணான் நகர்வது தானாகத் தெரியும். இரவில் கண் முழுதாக இருளுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். கைப்பேசித் திரையை ஒருமுறை பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. மங்கிய சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகக் கெடுக்காது. மங்கலான விண்மீனை நேராகப் பார்த்தால் மறையும், சற்றுத் தள்ளிப் பார்த்தால் தெரியும். இருளில் வேலை செய்யும் செல்கள் விழித்திரையின் நடுக்குழியில் இல்லை.

குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் இதைத் தேர்வாக்கிவிடுகிறார்கள். "இது என்ன குருவி, சொல்லு" என்ற மூன்றாவது கேள்வியில் பிள்ளை கல் பொறுக்கப் போய்விடும். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். காதுக்குப் பின்னால் கையைக் குவிக்கச் சொல்லிக்கொடுங்கள், கேட்கும் ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். பத்து விரலும் மடங்கியதும் வீட்டுக்குக் கிளம்பலாம்.