முதல் ஆன்லைன் மேட்ச்: டீமுக்குச் சிரமம் தராமல் ஆடத் தொடங்குவது எப்படி?

புதிதாக வந்தவர் குறி தவறிச் சுட்டால் டீமில் பெரும்பாலானோர் பொறுத்துக்கொள்வார்கள். அவர் எங்கே நிற்கிறார், என்ன செய்யப் போகிறார் என்று தெரியாதபோதும், பாதி மேட்ச்சில் சொல்லாமல் எழுந்து போகும்போதும்தான் பொறுமை போகிறது. திறமை வர மாதக்கணக்கில் ஆகும். இந்த இரண்டையும் இன்றைக்கே சரிசெய்துவிடலாம்.

கேமை இறக்கி, கணக்குத் தொடங்கி, டுடோரியல் முடித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். டுடோரியலை ஸ்கிப் செய்திருந்தால் போய் முடித்துவிட்டு வாருங்கள்.

1. நேரம் இருக்கிறதா என்று பாருங்கள்

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் மேட்ச் பெரும்பாலும் 25 முதல் 40 நிமிடம் ஓடும். கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போட்டி முறையில் 13 ரவுண்டு ஜெயித்தால்தான் வெற்றி. இழுபறியானால் முக்கால் மணி நேரம் போய்விடும். அரை மணி நேரத்தில் வெளியே கிளம்ப வேண்டுமென்றால் மேட்ச் தேடும் கியூவில் நிற்காதீர்கள். பாதியில் போனால் உங்களுக்குத் தடை விழும், முதலில் சில நிமிடம், திரும்பத் திரும்பச் செய்தால் நாள்கணக்கில். அதைவிட மோசம், மீதி நால்வர் ஐவரை எதிர்த்து ஆட வேண்டியிருப்பது.

பேட்டில் ராயலில் (கடைசிவரை உயிரோடு நிற்கும் டீம் ஜெயிக்கும் வகை) செத்ததும் லாபிக்கு, அதாவது தொடக்கத் திரைக்கு, ஓடாதீர்கள். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸில் நீங்கள் செத்த இடத்தில் கிடக்கும் உங்கள் பேனர் அட்டையை எடுத்து உங்களை உயிர்ப்பிக்க டீம்மேட் ஓடி வந்துகொண்டிருப்பார்.

ரேங்க்டு, அதாவது வெற்றி தோல்வியை வைத்து உங்கள் தரம் ஏறி இறங்கும் மேட்ச், இப்போது வேண்டாம். வேலரண்டில் 20ஆம் லெவல், லீக்கில் 30ஆம் லெவல் வந்தபிறகுதான் அது திறக்கும். திறந்த அன்றே உள்ளே போக வேண்டும் என்றும் இல்லை. ஒரு மேப்பில் எந்த வழி எங்கே போகிறது என்று யோசிக்காமல் நடக்க வரும்வரை சாதாரண மேட்ச்சே ஆடுங்கள்.

2. இணைப்பு

லேன் கேபிள் போட முடிந்தால் போடுங்கள். முடியாவிட்டால் வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, 2.4-இல் ப்ளூடூத்தும் பக்கத்து வீட்டு ரூட்டர்களும் சேர்ந்து நெரிசல். கேம் செட்டிங்ஸில் பிங் (சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம்), பாக்கெட் லாஸ் (வழியில் தொலையும் தகவல்) இரண்டையும் திரையில் காட்டச் சொல்லுங்கள். நிலையாக 80 மில்லி செகண்ட் காட்டும் இணைப்பு, 30-க்கும் 200-க்கும் குதிக்கும் இணைப்பைவிட எவ்வளவோ மேல். 80 என்றால் கை அதற்குப் பழகிவிடும். குதிக்கும் பிங்குக்கு யாராலும் பழக முடியாது. போனின் போட்டோ பேக்கப்பை நிறுத்திவையுங்கள். அப்லோடு நிறைந்தால் பிங் ஏறும்.

3. மைக்: இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்

ஓபன் மைக் வைக்காதீர்கள். மின்விசிறி, கீபோர்டு, பின்னால் பேசுபவர் எல்லாம் நான்கு பேர் காதில் விழும். எதிரியின் காலடிச் சத்தத்தை வைத்து ஆடும் கேமில் இது டீமின் காதை அடைப்பதற்குச் சமம். பட்டனை அழுத்தும்போது மட்டும் குரல் போகும் புஷ் டு டாக் மட்டும்தான். அதற்கான பட்டனை மவுஸின் கட்டைவிரல் பக்கம் வையுங்கள். கீபோர்டில் வைத்தால் பேசும்போது நடக்கும் விரல் ஒன்று நகர்ந்துவிடும்.

கேம் ஆடுபவர்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கார்டு செயலியில் யூசர் செட்டிங்ஸ், அதில் வாய்ஸ் அண்ட் வீடியோ, அதில் இன்புட் மோட் என்று போய் புஷ் டு டாக்கைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே ரிலீஸ் டிலே என்று ஒரு ஸ்லைடர் இருக்கும். அதை 200 மில்லி செகண்ட் அளவுக்கு ஏற்றுங்கள். இல்லாவிட்டால் பட்டனிலிருந்து விரலை எடுக்கும் வேகத்தில் கடைசி அசை வெட்டுப்படும்: "பி-ல இல்ல" (பி, மேப்பில் ஓர் இடம்) என்பது "பி-ல" என்று போய்ச் சேர்ந்தால் டீமே தவறான பக்கம் ஓடும்.

டெஸ்க்டாப்பில் பேச முடிகிறது, கேமுக்குள் போனதும் பட்டன் வேலை செய்யவில்லை என்றால் கேம் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடுகிறதா என்று பாருங்கள். அப்படி ஓடும் கேமுக்குள் அழுத்தும் பட்டன், சாதாரணமாக ஓடும் டிஸ்கார்டுக்குப் போய்ச் சேராது. டிஸ்கார்டையும் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் தீர்ந்தது.

அடுத்தது ப்ளூடூத் ஹெட்செட். மைக் ஆன் ஆன மறுநொடி சத்தம் பழைய தொலைபேசி மாதிரி தட்டையாகிவிடுகிறதா? ஹெட்செட் பழுதில்லை. மைக் வேலை செய்ய வேண்டுமென்றால் வழக்கமான ப்ளூடூத் ஸ்டீரியோவை விட்டுவிட்டு அழைப்புக்கான முறைக்கு மாறும். அதில் ஒலித்தரம் குறைவு, காலடி இடமா வலமா என்றே தெரியாது. லேப்டாப்பின் சொந்த மைக்கை இன்புட்டாகவும் ஹெட்செட்டை அவுட்புட்டாகவும் தனித்தனியே தேர்ந்தெடுத்தால் ஸ்டீரியோ திரும்பிவிடும். ப்ளூடூத்தில் ஒலி தாமதமாகவும் வரும் என்பதால், மைக் உள்ள சாதாரண வயர் இயர்போனே என் தேர்வு.

இன்னொன்று. இரண்டு நண்பர்கள், மூன்று முன்பின் தெரியாதவர்கள் என்று டீம் அமைந்தால் கேமின் டீம் வாய்ஸில் பேசுங்கள். நீங்கள் இருவரும் டிஸ்கார்டுக்குள் பேசிக்கொண்டால் மற்ற மூவர் செவிடாக ஆடுகிறார்கள். வேலரண்டில் டீம் வாய்ஸுக்கும், சேர்ந்து வந்த நண்பர்களுக்கு மட்டும் கேட்கும் பார்ட்டி வாய்ஸுக்கும் தனித்தனி பட்டன் இருப்பதையும் கவனியுங்கள்.

4. என்ன சொல்வது, எப்போது நிறுத்துவது

மேட்ச் தொடங்கும்போதே "ப்ரோ, இந்த மேப் எனக்குப் புதுசு, எங்க நிக்கணும்னு சொல்லுங்க" என்று ஒரு வரி. பெரும்பாலும் யாராவது ஒருவர் கூட்டிக்கொண்டு போவார். மறைத்து ஆடினால்தான் திட்டு விழும்.

சொல்லும் வரிசை: இடம், எத்தனை பேர், எந்தப் பக்கம் போகிறார்கள். "பி-ல ரெண்டு பேர், மிட் பக்கம் வர்றாங்க." (மிட் என்றால் மேப்பின் நடுப்பகுதி.) அவ்வளவு போதும். "ஐயோ, பின்னால, பின்னால!" என்பது தகவலே இல்லை, யாருக்குப் பின்னால்? இடத்தின் பெயர் தெரியாவிட்டால் மார்க்கர் பட்டனை அழுத்துங்கள். ஏபெக்ஸ் 2019-இல் கொண்டுவந்த பிங் முறையில் (இங்கே பிங் என்றால் மார்க்கர், இணைப்பின் வேகம் இல்லை) மைக் இல்லாமலே எதிரி, பொருள், போகும் திசை எல்லாம் காட்டலாம். இப்போது அதைப் போன்ற வசதி பல கேம்களில் உண்டு.

"அவன் செத்துடுவான், ஒரே ஷாட்" என்று சொல்லாதீர்கள். அவனுக்கு 60 உயிர் மிச்சம் இருந்தால், உங்களை நம்பித் தைரியமாகப் போன டீம்மேட் செத்துப்போவார். எத்தனை டேமேஜ் என்று கேம் காட்டுகிறது, அந்த எண்ணைச் சொல்லுங்கள்: "84 அடிச்சிருக்கேன்."

செத்த பிறகு இரண்டு நொடியில் தெரிந்ததைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். உயிரோடு ஒருவர் மட்டும் இருக்கும்போது அவருக்குக் காது தேவை. "லெஃப்ட் பாரு, ரீலோட் பண்ணு" என்று பின்சீட்டிலிருந்து ஓட்டாதீர்கள்.

5. வகைக்கு ஏற்ற வழக்கம்

*கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி பணம் சேர்க்கும் கேம்:* முதல் ரவுண்டில் கையில் 800. ஏகே-47-க்கு 2,700, ஹெல்மெட்டோடு கவசத்துக்கு 1,000, ஆக 3,700 இருந்தால்தான் முழுமையாக வாங்கியதாக அர்த்தம். டீம் சேமிக்கும் ரவுண்டில் நீங்கள் மட்டும் வாங்கினால் இப்போதும் தோற்பீர்கள், எல்லோரும் வாங்கும் அடுத்த ரவுண்டில் உங்கள் கையில் பிஸ்டல் இருக்கும். ஒரு தனி மனிதனின் செலவு இரண்டு ரவுண்டைக் கெடுக்கிறது. வாங்கும் முன் மற்றவர்களின் பணத்தைப் பாருங்கள்.

*லீக், டோட்டா:* லெவல் ஏற ஏற மறுபடி உயிர்பெறக் காத்திருக்கும் நேரம் நீளும். ஆரம்பத்தில் இரண்டு மூன்று முறை செத்துவிட்டால் உங்கள் பக்கத்து டவருக்குக் கீழேயே நின்று கிடைத்ததை எடுங்கள். பழிவாங்கப் போவதுதான் எதிரியை வளர்க்கும். லீக்கில் காட்டு மிருகங்கள் ஜங்கிளருக்கு, அதாவது காட்டுக்குள் ஆடும் டீம்மேட்டுக்கு, உரியவை, கேட்காமல் தொடாதீர்கள்.

*டன்ஜன் போகும் எம்எம்ஓ (ஏராளமானோர் ஒரே உலகில் ஆடும் கேம்):* அடியைத் தாங்கும் டாங்க் முன்னால் போகட்டும். எதிரியை முதலில் நீங்கள் அடித்தால் அது உங்கள்மேல் பாயும், உயிரேற்றும் ஹீலர் உங்களைக் காப்பாற்றுவதா டாங்க்கைக் காப்பாற்றுவதா என்று திணறுவார். முதல்முறை என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் புதியவர் பெயரருகே முளைச்செடி அடையாளமே வரும். முதல்முறை வருபவர் இருந்தால் மற்றவர்களுக்கும் கூடுதல் பரிசு உண்டு. லூட், அதாவது கிடைத்த பொருள், பங்கிட வரும்போது "நீட்" பட்டன் என்பது உங்கள் கேரக்டர் அணியப்போகும் பொருளுக்கு மட்டும். விற்கத்தான் என்றால் "கிரீட்".

*மைன்கிராஃப்ட் சர்வர்:* சேர்ந்ததும் விதிகளைப் படியுங்கள். அடுத்தவர் பெட்டியைத் திறக்காதீர்கள். மரம் வெட்டினால் அந்தரத்தில் தொங்கும் உச்சிக் கட்டைகளையும் வெட்டிவிட்டு ஒரு கன்று நடுங்கள். பயிரை அறுத்தால் விதை போடுங்கள். கிரீப்பர் வெடித்த குழியை நிரப்புங்கள். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்க வேண்டாம். கோர்ப்ரொடெக்ட் போன்ற ப்ளக்இன் இருக்கும் சர்வரில் எந்தக் கட்டையை யார் எடுத்தார் என்பது பதிவாகிவிடும்.

6. திட்டு விழுந்தால்

பதில் எழுதாதீர்கள். ஸ்கோர்போர்டைத் திறந்து அந்தப் பெயரை மியூட் செய்யுங்கள், மேட்ச் முடிந்ததும் ரிப்போர்ட் செய்யுங்கள். டைப் செய்யும் பத்து நொடி உங்கள் கேரக்டர் சும்மா நிற்கிறது. முடிவில் ஜெயித்தாலும் தோற்றாலும் "ஜிஜி" (குட் கேம்) போதும். அதோடு "ஈஸி" சேர்த்து எழுதுவது தோற்றவர் முகத்தில் அறைவது. ஓவர்வாட்ச்சில் அப்படி எழுதினால் கேமே அதை வேறு வாக்கியமாக மாற்றிவிடும்.

7. கணக்கைக் காப்பது

நன்றாக ஆடியதும் ஒருவர் நண்பராகச் சேர்ந்து, "எங்க டீமுக்கு ஓட்டுப் போடுங்க" என்று லிங்க் அனுப்புவார். திறந்தால் கேம் வாங்கும் தளமான ஸ்டீமின் லாகின் பக்கம் போலவே ஒன்று வரும். அது உங்கள் பாஸ்வேர்டைத் திருடும் பக்கம். அனுப்பியவர் உண்மையான நண்பராகவே இருந்தாலும், அவர் கணக்கு ஏற்கனவே பறிபோயிருக்கலாம். ஸ்டீம் கார்டு போன்ற இரட்டைச் சரிபார்ப்பை இன்றே ஆன் செய்யுங்கள். அதில் வரும் குறியீட்டை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், கேம் நிறுவன ஊழியர் என்று சொன்னாலும்.

பின்சேர்க்கை: மேட்ச் நடுவில் உண்மையிலேயே போக வேண்டி வந்தால் என்ன செய்வது என்று கமெண்டில் பலர் கேட்டிருந்தீர்கள். பத்திரமான இடத்தில் போய் நின்று, "அவசரம், போறேன், மன்னிச்சிடுங்க" என்று ஒரு வரி எழுதுங்கள். கையில் இருக்கும் நல்ல ஆயுதத்தைக் கீழே போடுங்கள், பணம் இருந்தால் டீம்மேட்டுக்கு வாங்கிக் கொடுங்கள். டோட்டா 2-இல் ஆட்டத்தைச் சற்று நிறுத்திவைக்கும் பாஸ் (pause) வசதி உண்டு. இரண்டு நிமிட வேலைதான் என்றால் காரணத்தைச் சொல்லி அதைப் பயன்படுத்தலாம். இணைப்பு துண்டித்து வெளியே வந்திருந்தால் வேறு மேட்ச் தேடாதீர்கள். கேமைத் திரும்பத் திறந்ததும் ரீகனெக்ட் பட்டன் வரும், அதை அழுத்துங்கள்.